கடைசிக் குழியில் தண்ணீர்

கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழ் ஏறுகிறது. குமிழ் ஏறினால் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம், கரண்ட் ஓடினால் இனி சுகிர்தா செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம், செய்ய ஒன்றுமில்லை என்றால் யோசித்துத்தான் ஆகவேண்டும், அதுதான் தொல்லை. சனிக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடம், தூசி பறக்கக் கூடாதென்று ஃபேனைக்கூட அணைத்தாயிற்று, முதுகில் வேர்வை கோடு போட்டு இறங்குகிறது. எதிரே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியில் கரைசல், கரைசலுக்குள் கடற்பாசியிலிருந்து எடுத்த மாவைக் காய்ச்சி உறையவைத்த ஒரு வில்லை. ஜெல் என்று பெயர். நோன்புக்கு மாணவி நிஷா வீட்டிலிருந்து கொண்டுவரும் கடற்பாசிக்கும் இதற்கும் சீனியும் ரோஸ்மில்க்கும்தான் வித்தியாசம். ஜெல்லின் ஒரு ஓரத்தில் வரிசையாக நாலு குழி. முதல் குழியில் அளவு பார்க்க வைக்கும் டி.என்.ஏ. இரண்டாவதில் ஓர் ஆணின் டி.என்.ஏ., கம்பெனிக்காரன் புட்டியில் அடைத்து அனுப்பியது, ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு மகராசன். மூன்றாவதில் ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்தது. நாலாவதில் வெறும் தண்ணீர். அந்தப் பெண் சுகிர்தாதான். ஆம்பிளைகளுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டை அவள் தன் ரத்தத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் அது அவள் மகன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாசத்திலேயே பிறந்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்துவிட்டுப் போன மகன். கிடைக்காவிட்டால் என்று யோசிக்கப் போனால் மனசு சண்டி மாடு மாதிரி அங்கேயே நின்றுவிடுகிறது, இழுத்தாலும் வருவதில்லை, அதனால் குமிழையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை வருஷமாக இதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள், வாய் வலிக்க. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையின் செல்களில் கொஞ்சம் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மாவின் ரத்தத்துக்குள் வந்துவிடும், எழுதிக்கோங்க. பிள்ளை வெளியே வந்த பிறகும் அதில் சிலது அம்மாவை விட்டுப் போகாது, எழுதிக்கோங்க. மகனைப் பெற்று இருபத்தேழு வருஷம் ஆன ஒருத்தியின் ரத்தத்தில்கூட ஆண் செல் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், பரீட்சைக்கு அஞ்சு மார்க். எலிகளில் பார்த்தார்களாம், சினையாயிருக்கும் எலிக்கு இதயத்தில் காயம் பட்டால் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் செல்கள் நேராக அங்கே போய்ச் சேருகின்றனவாம். இதைச் சொல்லும்போது முன்பெஞ்சுப் பிள்ளைகள் ஆ என்று வாயைப் பிளக்கும், அவளுக்கு ஒன்றும் இருக்காது, கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடம் போய்விடுவாள். அப்படியெல்லாம் மரத்துப் போயிருந்தவளுக்குப் போன மாசம் திடீரென்று ஒரு நாள், சிசேரியன் தழும்பிலும் பிள்ளையின் செல்கள் கிடைக்கின்றன என்று ஒரு கட்டுரையில் படித்ததும் கை தன்னால் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. சேலைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தாள். அது வரைக்கும் அந்தத் தழும்பைத் துவைக்கும் கல் மாதிரி, கைப்பிடிச் சுவர் மாதிரி, வீட்டுச் சாமான்களில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தாள். அவனை அவள் தொட்டதில்லை. அதுதான். ஊர் உலகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு தரமாவது தூக்கியிருப்பார்கள், அவளுக்கு அதுவும் இல்லை. மயக்கம் தெளிந்தபோது அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான், இவள் இன்னொரு மாடியில் படுத்திருந்தாள், தையல் பிரிந்துவிடும் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள், நாளைக்குப் பாத்துக்கிடலாம்மா என்றார்கள். நாளைக்கு அவன் இல்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது அவள் புருஷன் பொன்ராஜ்தான். தலைமுடி எப்படி இருந்தது, காது யாரை மாதிரி, விரலைப் பிடித்தானா, ஒன்றும் அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. முதலில் அழுகை கேட்கவிடவில்லை, அப்புறம் பயம் கேட்கவிடவில்லை, அதற்கப்புறம் கேட்காமலே இருந்து பழகிவிட்டது. மறுபடி வயிற்றில் எதுவும் தங்கவுமில்லை. வீட்டில் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள், தண்ணீர் வராதது, மோட்டார் விலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பிரசங்கம் நீண்டுகொண்டே போவது, எல்லாம். அதை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவார்கள், நடு ரூமில் கட்டில் கிடந்தால் சுற்றிப் போவதில்லையா, அப்படி.

ஓட்டம் தெரிவதற்காகக் கலந்த சாயம் நகர்ந்துவிட்டது. நாலு குழியிலிருந்தும் நாலு நீலப் பொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு முனையை விட்டுச் சிவப்பு முனைப் பக்கம். டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாது, அது சாயத்துக்குப் பின்னாலேயோ முன்னாலேயோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது ஜெல்லுக்குள் சிக்கி முக்கி மெல்ல வரும். சின்னதுக்கு என்ன அவசரமோ. கதவு திறக்கிற சத்தம். நிஷாதான், இவளிடம் பி.எச்டி. பண்ணுகிற பெண், நல்ல பெண், வாய் மட்டும் மூடாது.

"மேடம், சனிக்கிழமை கூடவா? வீட்ல சார் தேட மாட்டாங்களா?"

"தேடட்டும். நீ கையுறை போடாம அந்த டேபிள் பக்கம் வராத."

"வரல வரல. மூணாவது யாரு மேடம்? டோனரா?"

"ஒரு பொம்பள."

"தண்ணி போட்டீங்கள்லா?" என்று கேட்டுவிட்டு நிஷா நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இது சுகிர்தாவின் கேள்வி. வருகிற மாணவி எல்லாரிடமும் அவள் முதலில் கேட்பது தண்ணி போட்டியா என்பதுதான், கேட்டதும் அதுகள் கிளுகிளு என்று சிரிக்கும், டிபார்ட்மெண்டில் இவளுக்குத் தண்ணி மேடம் என்றே பெயர். சிரித்தால் சிரிக்கட்டும். தண்ணீர்க் குழி இல்லாத ஜெல்லை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்ற குழாய்களில் போட்ட அத்தனை மருந்தையும் போட்டு, டி.என்.ஏ.வுக்குப் பதிலாக ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரை வைக்க வேண்டும், கடைசியில் அந்தக் குழிக்கு நேரே ஒன்றுமே தெரியக் கூடாது. தெரிந்தால் வெளியிலிருந்து ஏதோ கலந்துவிட்டது, மற்ற குழியில் தெரிவதையும் நம்ப முடியாது, அத்தனை வேலையும் குப்பை. பி.சி.ஆர். மிஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது, ஒரே ஒரு செல் கிடைத்தாலும் அதைக் கோடியாகப் பெருக்கிக் காட்டும், அது மகனுடையதா மாடிப்படியில் இருமிவிட்டுப் போன வாட்ச்மேனுடையதா என்று அது கேட்காது. அதனால்தான் ஆம்பிளை வாசனையே இல்லாத நாளாகப் பார்த்து, ஆம்பிளையே இல்லாத டிபார்ட்மெண்டில், மேசையைப் பிளீச்சிங் போட்டுத் துடைத்து, புதுக் கோட்டுப் போட்டு, உறை மேல் உறை மாட்டி இன்று உட்கார்ந்தாள். "போட்டாச்சு, நீ போய் டீ குடி" என்று நிஷாவை அனுப்பினாள். ஆனால் காலையில் தண்ணீர் வைக்க வேண்டிய அந்தக் குழாயைக் கையில் எடுத்தபோது, வைக்காமல் விட்டால்தான் என்ன என்று ஒரு கணம் கை நின்றது. நின்றது வாஸ்தவம். யாருக்குத் தெரியப் போகிறது, யாருக்குக் காட்டப் போகிறாள், ஒரு கோடு தெரிந்தால் அதை மகன் என்று வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாமே. வெட்கமாக இருந்தது. மகனிடம் பொய் சொல்லுகிற மாதிரி இருந்தது. அதனால் மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தண்ணீரை வைத்துவிட்டாள்.

ஒருவேளை இருந்தாலும் அவனாகத்தான் இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம், இப்படியும் ஒரு முள் கிடந்து குத்துகிறது. ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவனுடையதாக இருக்கலாம், நல்லவேளை அன்றைக்கு ரத்தம் ஏற்றவில்லை. அண்ணன் இருந்தால் அவன் செல் அம்மாவுக்குள் தங்கி அம்மாவிடமிருந்து இவளுக்கு வந்திருக்கலாம், நல்லவேளை இவள்தான் தலைப்பிள்ளை. பிறக்கும்போதே அம்மா, மூத்தது பொட்டையாப் போச்சே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம், சித்தி சொல்லியிருக்கிறாள். பாரும்மா, அதுவும் ஒன்றுக்கு உதவுகிறது. காலேஜ் நர்ஸம்மாவிடம் கொலஸ்ட்ரால் பார்க்கணும் என்று பொய் சொல்லி இரண்டு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டாள், ஒன்று இன்றைக்குத் தீர்ந்தது, இன்னொன்று ஃபிரிட்ஜில் இருக்கிறது. நர்ஸம்மா ஊசியை எடுத்தபிறகு பஞ்சை வைத்து அமுக்கிக்கோங்க மேடம் என்றாள். அமுக்கும்போது நினைத்தாள், இந்தத் துளியில் அவன் இல்லாமல் கையிலேயே நின்றுவிட்டால்? காலில் இருந்தால்? தூங்குகிற பிள்ளையை எழுப்பி வா என்று கூப்பிட முடியுமா. ஒரு துளியில் இல்லையென்றால் உடம்பில் இல்லை என்று ஆகாது, அது பரீட்சைக்கு எழுதுகிற பதில். ராத்திரி முழித்துக்கொண்டு கிடக்கிறபோது அந்தப் பதில் ஒரு பைசாவுக்கு உதவாது. அவனுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். அப்பாவின் மோட்டார் கடையில் அவருக்குக் கூடமாட பாரம் தூக்கியிருப்பான், இல்லை, தூக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூரில் எங்கேயாவது இன்ஜினியரிங் படித்திருப்பான், போன் பண்ணினால் எடுக்க மாட்டான், அம்மா கிளாஸ்ல இருக்கேன் என்று மெசேஜ் போடுவான். அந்த எடுக்காத போனுக்காகக்கூட அவளுக்கு ஆசையாக இருக்கிறது. வைது தீர்க்க ஒரு பிள்ளை வேண்டுமென்று இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் எம் பையன் சாப்பிடவே மாட்டேங்கான் என்று சலித்துக்கொள்ளும்போது எழுந்து போய் டம்ளரைக் கழுவுவாள், கழுவின டம்ளரையே கழுவுவாள். இருந்திருந்தால் என்று யோசிப்பதற்குத் தடைபோட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றைக்கு ஜெல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தடையெல்லாம் கழன்றுபோய்விட்டது, காதோரம் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை, துடைக்கக் கை எடுத்தால் உறை இருக்கிறது, தோளில் துடைத்துக்கொண்டாள்.

சாயம் கடைசிக்கு வந்துவிட்டது. கரண்டை அணைத்தாள். ஜெல்லை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள், ஈரமாக, வழுக்கிக்கொண்டு, தெரியாத்தனமாக அழுத்தினால் பிய்ந்துவிடும், பச்சைப் பிள்ளையை எடுக்கிற பதனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மா ஞாபகத்துக்கு வந்தாள், பச்சைப் பிள்ளையை எடுத்துப் பழக்கமில்லாத கை ஜெல்லை எடுத்து எடுத்துத்தான் பழகியது. இருட்டு மூலையில் இருக்கிற, டி.என்.ஏ.வைக் கோடாக ஒளிரவைக்கிற விளக்குப் பெட்டிக்கு மேல் வைத்து மூடியை இறக்கி ஸ்விட்சைப் போட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. திற என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். திறந்தாள். முதல் குழிக்கு நேரே ஏணிப்படி மாதிரி கோடுகள். இரண்டாவதுக்கு நேரே பளீரென்று ஒரு கோடு, புட்டிக்கார மகராசன். மூன்றாவது. மூன்றாவதில், அதே உயரத்தில், அந்த மகராசனுக்குப் பக்கத்திலேயே, மங்கலாக, பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி ஒரு கோடு. இருக்கிறது. இருக்கான். நெஞ்சுக்குள் என்னமோ பொங்கி வாய்க்கு வந்தது, ஐயா, எஞ்செல்லம், இங்கனயாடா இருந்தே, இத்தன நாளா நான் கஞ்சி குடிக்கையில, காப்பி ஆத்தையில, வகுப்புல கத்தையில எல்லாம் நீ என்கூடவாடா இருந்தே. சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, சுவரில் இருந்த பல்லி ஓடியது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. கண் தானாக வலது பக்கம் போயிற்று, போகாதே என்றால் கேட்குமா, இத்தனை வருஷத்துப் பழக்கம். நாலாவதுக்கு நேரே, தண்ணீருக்கு நேரே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், அதே உயரத்தில் மங்கலாக இன்னொரு கோடு.

தண்ணீரில் ஆண். அப்படியானால் குப்பை. இதையே ஒரு மாணவி செய்திருந்தால் இப்போது இவள் என்ன சொல்வாள், தூக்கிப் போடு, திரும்பப் பண்ணு, எங்கே தப்பு விட்டேன்னு உக்காந்து யோசி என்பாள். உட்கார்ந்தாள். யார் வந்தது? ஒருத்தரும் வரவில்லை. மருந்தெல்லாம் புதுசு, புட்டிக்கார மகராசனை எல்லாம் முடிந்த பிறகு வேறு மேசையில்தான் திறந்தேன். கோட்டுப் புதுசு. மேசை துடைத்தது. உறை மாட்டினேன், குழாயை எடுத்தேன், என் ரத்தத்தை வைத்தேன், தண்ணீரைக் கையில் எடுத்தேன், வைக்கலாமா வேண்டாமா என்று நின்றேன், அப்புறம் வைத்தேன். நின்றபோது என்ன செய்தேன்? சுகிர்தா அப்படியே செய்து பார்த்தாள். இடது கையில் இல்லாத குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யோசித்தாள், தலை குனிந்தது, கண்ணாடி நழுவியது, வலது கையின் ஆள்காட்டி விரல் மேலே வந்து, மூக்குக்கு மேல், கண்ணாடியை ஏற்றிவிட்டது. உறை போட்ட விரல். பிள்ளைகளை எத்தனை தரம் வைதிருக்கிறாள், மூஞ்சியத் தொடாத மூஞ்சியத் தொடாத என்று. யோசிக்கும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றுவது அவள் பழக்கம், இன்று காலை யோசித்தாள், ஏற்றினாள், அதே விரலால் குழாய் மூடியைத் திறந்தாள். அதனால் என்ன, அவள் கண்ணாடி, அவள் மூஞ்சி, அவளும் பெண்தானே. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவள் துடைத்ததில்லை. அவள் என்றைக்குமே துடைத்ததில்லை. ஸ்கூட்டரில் ஏறுமுன் காலையிலும் சாயங்காலமும் பொன்ராஜ்தான் கையை நீட்டுவார், இவள் கழற்றிக் கொடுப்பாள், வாய்க்குக் கிட்டே வைத்து ஹா என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவரே மாட்டிவிடுவார். இன்றைக்குக் காலையிலும் ஊதினார். எச்சில் துளி, தோல், மூச்சு, எல்லாம் அதில்தான். தண்ணீரில் இருந்தது பொன்ராஜ்.

சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. என்றைக்கிருந்து இந்த மனுஷர் கண்ணாடி துடைக்கிறார்? கல்யாணமான புதிதில் இல்லை. அப்போது இவள்தான் முந்தானையில் துடைப்பாள். அந்த ஆஸ்பத்திரியில்தான். பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு சாயங்காலம் அவர் வந்தார், காலில் செம்மண். இவள் அழுது அழுது கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து ஒன்றுமே தெரியாமல் கிடந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், சட்டையில் துடைத்தார், மாட்டிவிட்டார். மறுநாள் காலையும் அதேதான். அன்றைக்குத் தொட்டு ஒருநாள் தவறவில்லை, சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் கை நீளும். அவரிடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று இத்தனை வருஷம் மனசுக்குள் வைதுகொண்டிருந்தாளே. அவர் காலையிலும் சாயங்காலமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், இவளுக்குத்தான் கேட்கவில்லை. ஜெல்லைக் குப்பையில் போட்டாள். ரத்தத்தை வைக்கும்போதும் எத்தனை தரம் கண்ணாடியை ஏற்றினாளோ, மூன்றாவது கோட்டில் இருந்தது மகனா, அப்பனா, இரண்டு பேருமா, இனி யாரும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜில் இன்னொரு குழாய் இருக்கிறது. திங்கட்கிழமை கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் காரியம் முடிந்தது, அவரிடம் ஒன்றும் சொல்லக்கூட வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் சுலபம், அதில் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்.

கேட்டுக்கு வெளியே வேப்ப மர நிழலில் ஸ்கூட்டர் நின்றது. பொன்ராஜ் கால் ஊன்றி உட்கார்ந்திருந்தார், சட்டையில் கிரீஸ், கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார். கையை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனபோது அவளுக்கே தெரியாமல் குரல் வந்துவிட்டது.

"ஊதாதீங்க."

"ஏன், என்ன?"

"நம்ம பையனத் தேடுதேன். என் ரத்தத்துல. பெத்தவ ஒடம்புக்குள்ள பிள்ளையோடது கொஞ்சம் தங்கிரும், ரொம்ப வருஷம் இருக்கும். உங்க மூச்சு பட்டா அது அவனா நீங்களான்னு தெரியாமப் போயிருது."

கண்ணாடி இல்லாமல் அவர் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. ஏண்டா சொன்னோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

"நான் மண்ணுக்குள்ள வச்சிட்டுல்லா வந்தேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவன் உங்கிட்டயா இருக்கான்?"

"இருக்கானான்னுதான் பாக்கேன். திங்கக்கெழம தெரியும்."

திங்கட்கிழமைதான் என்று அவரிடம் சொல்லியும் ஆயிற்று, இன்றைக்கு ஊதினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் பொன்ராஜ் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணாடியை இரண்டு முனையிலும் நுனிவிரலால் மட்டும் பிடித்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி மெல்ல அவள் முகத்தில் மாட்டிவிட்டார். அப்போதுதான் அவள் பார்த்தாள், அவர் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.